ஏலாத அன்ரி

போன வருடம் எங்கள் ஒழுங்கை பெரிய தெருவோடு சேரும் முகப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். கனடாவில் இறந்த ஒருவருக்காக உரும்பிராயில் ஒட்டியது. படத்தைக் கவனிக்காமல் பெயரை மட்டும் வாசித்த பலர், "இது ஆர்?" என்று கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தவரின் பெயர் ஒழுங்கைக்குத் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் அவர் எல்லாருக்கும் அன்ரி. முதுகுக்குப் பின்னால் ஏலாத அன்ரி.

அந்தப் பெயரை இங்கே நானும் எழுதப்போவதில்லை. அதை நான் முதன்முதலாக வாசித்த இடத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எனக்கு ஏலாது மோனை." எதைக் கேட்டாலும் அவருடைய முதல் பதில் இதுதான். கோயிலில் மாலை கட்ட வாருங்கள் என்றால் ஏலாது. கூட்டத்துக்கு வாருங்கள் என்றால் ஏலாது. சொல்லும்போதே இடது கை இடது முழங்காலில் போய் உட்கார்ந்துவிடும். முகம் ஒரு பக்கம் சரியும். அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

காஸ் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் நாங்கள் விடியற்காலையிலேயே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்போம். அன்ரி எட்டு மணிக்கு ஆறுதலாக வருவார். ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் கூடவே வரும். வரிசையின் நடுவில் அதைப் போட்டு இருந்து, கண்ணை மூடிக்கொள்வார். சிறிது நேரத்தில் யாராவது பதறி, "அன்ரி, சுகமில்லையோ?" என்பார்கள். "தலை சுத்துது மோனை, நிக்க ஏலாது." பத்து நிமிடத்தில் அவருடைய சிலிண்டர் முன்னால் போயிருக்கும். ஒரு நாள் அப்படி அவரை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெயிலில் காய்ந்து மத்தியானம் வீடு திரும்பினேன். அன்ரி தன் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மேலே, விளக்குமாறும் கையுமாக நின்றார். ஏணியில் ஏறிப் போயிருக்கிறார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் உடுவில் பள்ளிக்கூட விடுதியில் இருந்து படித்தவள். வரிசையில் முந்துவதும் சுகமில்லை என்று பொய் சொல்வதும் அங்கே பெரிய குற்றங்கள். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. அன்று பின்னேரம் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"உது பிழையில்லையோ அன்ரி? சனம் உண்மை எண்டு நினைச்செல்லோ இடம் விட்டது."

அவர் கோபிக்கவில்லை. "மோனை, நான் ஆஸ்பத்திரியில முப்பது வருசம் ஆக்களைத் தள்ளினனான். நடந்து வாறவனை ஒருத்தரும் நிமிந்து பாக்க மாட்டினம். படுத்த படுக்கையா வாறவனுக்குத்தான் கதவு திறக்கும். நீ படிச்ச பிள்ளை, உனக்கு நடந்து போகலாம்."

ஆஸ்பத்திரியில் அவர் வைத்தியர் அல்ல, தாதியும் அல்ல. நோயாளரை வண்டியில் வைத்து ஒரு வாட்டிலிருந்து இன்னொரு வாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. கொழும்புத்துறையில் பிறந்து, உரும்பிராயில் கலியாணம் செய்து, புருஷனை இளவயதிலேயே இழந்து, ஒரே மகனை அந்தச் சம்பளத்தில் வளர்த்தவர்.

அந்த மகனைப் பற்றி அம்மா ஒரு சம்பவம் சொல்லுவார். சண்டைக் காலம். மகனுக்குப் பதினெட்டு வயது. தாயும் மகனும் போன பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, இளம் பெடியன்கள் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். ஆமிக்காரன் அன்ரியிடம் ஏதோ கேட்டான். அன்ரி காதில் கையை வைத்து, "கேக்குதில்லை ஐயா" என்றார். அவன் சத்தமாகக் கேட்டான். அவர் அப்படியே சரிந்து, பஸ்ஸின் நடுவில் விழுந்தார். வாயில் நுரை. மகன் தூக்க, நடத்துநர் தண்ணீர் தெளிக்க, ஆமிக்காரன் பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று பஸ்ஸையே விட்டுவிட்டான். இரண்டு சந்தி தாண்டியதும் அன்ரி எழும்பி இருந்து சேலையைத் தட்டினாராம்.

"அது நடிப்போ, உண்மையோ?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன்.

"ஆருக்குத் தெரியும்? நானும் அந்த பஸ்ஸிலதான் இருந்தனான். எனக்கே தெரியேல்லை."

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் எனக்கு விமானப் பயணத்துக்குத் துணையாகப் பிடித்தார்கள்.

எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். வெளிநாட்டுக்கு முதல்முறை போகிறவர், அதிலும் பெண், அதிலும் கைப்பிள்ளையோடு என்றால், ரிக்கற் போடுவதற்கு முன்பே துணை தேடத் தொடங்கிவிடுவார்கள். என் கணவர் கனடாவில் வேலையில் இருந்தார். எனக்கும் மகளுக்கும் ஆறு மாத விசா கிடைத்தது. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அம்மா தெரிந்தவர் எல்லாருக்கும் போன் எடுத்தார். "அந்தத் திகதியில, அதே பிளைற்றில, ஆரும் எங்கடை ஆக்கள் போகினமோ?" மூன்றாம் நாள் அன்ரியே படலையைத் திறந்துகொண்டு வந்தார். மகன் கூப்பிட்டிருக்கிறான், தானும் அதே ஊருக்குத்தான், அதே நாளில் போட்டால் போச்சு.

"ஆனா மோனை, எனக்கு ரிக்கற்றோட வீல்செயரும் போடப்போகினம். உனக்கும் நல்லம். என்னைத் தள்ளிக்கொண்டு போறவன் உன்னையும் சேத்துக் கூட்டிக்கொண்டு போவான்."

எங்கள் பக்கத்தில் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளிடம் போகிற பெற்றோருக்கெல்லாம் இப்போது ரிக்கற்றோடு சக்கர நாற்காலியும் போட்டுவிடுகிறார்கள். காலுக்காக அல்ல, பாஷைக்காக. பெரிய விமானநிலையங்களில் ஒரு முனையத்தில் இறங்கி இன்னொரு முனையத்தில் ஏற வேண்டும். பலகை வாசிக்கத் தெரியாதவர் எப்படிப் போவார்? நாற்காலியில் இருந்துவிட்டால் போதும், அடுத்த விமானத்தின் வாசல்வரை யாரோ தள்ளிக்கொண்டு போய்விடுவான். வெங்காயத் தோட்டத்தில் இன்றைக்கும் மண்வெட்டி பிடிக்கிற என் மாமனாரே அப்படித்தான் நோர்வேக்குப் போய் வந்தார்.

ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள். மகள் பிறந்த நாளிலிருந்து அது இரண்டு மடங்கு. எங்களுடைய இணைப்பு விமானம் வளைகுடா நாடு ஒன்றில். அந்த விமானநிலையத்துக்குள் எப்படி முனையம் மாறுவது என்று யாரோ எடுத்துப் போட்ட வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து, வழியைத் தாளில் எழுதிப் பாடமாக்கினேன். இறங்கு, இடமாறுவோர் பலகை, சோதனை, ரயில், மூன்றாம் முனையம். அன்ரி அதை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சோதினைக்குப் படிக்கிறியோ?"

கட்டுநாயக்கா விமானநிலையத்தில் வான் வண்டியிலிருந்து இறங்கிக் கதவுவரை நன்றாகத்தான் நடந்தார். கதவைத் தாண்டியதும் இடது கால் இழுத்தது. எனக்கு முகம் கூசியது. நாற்காலியில் இருந்ததும் தன் கடவுச்சீட்டு, போர்டிங் காட் எல்லாவற்றையும் என்னிடம் நீட்டினார்.

"உதுகள் எனக்கு வாசிக்கத் தெரியாது மோனை. எல்லாம் உன்னட்டயே கிடக்கட்டும்."

மூன்று பேருடைய கடவுச்சீட்டும் என் இடுப்புப் பைக்குள் போயின. அது பொறுப்பான காரியம் என்று நினைத்தேன். அன்று நான் செய்த பிழைகளை இன்றுவரை திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்க்கும்போது அதைத்தான் முதலில் வைக்கிறேன்.

வளைகுடாவில் விமானம் பிந்தி இறங்கியது. அடுத்ததற்கு ஒரு மணியும் பத்து நிமிடமும்தான் இருந்தது. வாசலில் அன்ரியின் நாற்காலியோடு நீலச் சீருடை போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர் நின்றார். மகள் என் தோளில் நித்திரை. இரண்டு தோளிலும் பைகள்.

"குஞ்சை இஞ்ச தா. உதெல்லாத்தையும் தூக்கிக்கொண்டு என்னெண்டு நடப்பாய்?"

யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். மகள் அவருடைய மடியில் சுருண்டு, தொடர்ந்து தூங்கினாள்.

நாற்காலிக்காரர் வேகமானவர். நான் அரை ஓட்டமாகப் பின்னால் போனேன். நகரும் பாதைகள், கடைகள், கண்ணாடிச் சுவர்கள். ஒரு லிப்ற் வாசலில் ஏற்கெனவே இன்னொரு நாற்காலி நின்றது. கதவு திறந்தது. இரண்டு நாற்காலிகளும் தள்ளுகிறவர்களும் உள்ளே போனதும் எனக்கு இடமில்லை. அவர் படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, கீழே, கீழே என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்ரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கதவு மூடிக்கொண்டது. கடைசியாகக் கண்டது மகளின் ஒரு பாதம். சப்பாத்துக் கழன்று காலுறை மட்டும் தெரிந்தது.

நகரும் படியில் கீழே ஓடினேன். அங்கே லிப்ற் வாசலில் யாரும் இல்லை. காத்திருந்தேன். கதவு திறந்தது, வேறு ஆட்கள். மறுபடியும் திறந்தது, ஒரு துப்புரவு வண்டி. அப்போதுதான் அந்த இடத்துக்குக் கீழேயும் ஒரு தளம் இருப்பது கண்ணில் பட்டது. அதற்கும் கீழே இன்னொன்று. கீழே என்றால் எந்தக் கீழே? அடுத்த தளத்துக்கு ஓடினேன். இல்லை. அதற்கடுத்தது ரயில் மேடை. ஒரு ரயில் அப்போதுதான் புறப்பட்டுப் போனது.

நின்ற இடத்தில் நிற்பதா, போவதா? நின்றால் அவர்கள் தேடி வரலாம். போனால் முன்னால் பிடிக்கலாம். நான் போன பிறகு அவர்கள் வந்தால்? ஒவ்வொரு யோசனைக்கும் பிறகும் மற்றதுதான் சரி என்று பட்டது. கடவுச்சீட்டு மூன்றும் என் வயிற்றில் அழுத்தின. அன்ரியிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. மடியில் அவருடையதல்லாத பிள்ளை. சீருடைக்காரன் யாராவது, இது யாருடைய பிள்ளை என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? எனக்குத் தெரியும். காதில் கையை வைப்பார். கேக்குதில்லை ஐயா. இன்னொரு முறை கேட்டால் கண்ணை மூடிச் சரிவார். அவரை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் கொண்டு போவார்கள்.

மேடையின் ஓரத்தில் ஒரு விசாரணை மேசை இருந்தது. அங்கே இருந்த பெண்ணிடம் போனேன். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அன்று என் வாயில் வந்தது நாலு சொல். பிள்ளை. நாற்காலி. அன்ரி. லிப்ற்.

அவள் அமைதியாக எழுதிக்கொண்டாள். அவர் உங்கள் தாயா? இல்லை. மாமியா? இல்லை. உறவினரா? இல்லை. பெயர் என்ன?

அது எனக்குத் தெரியாது.

இடுப்புப் பையைத் திறந்து, அன்ரியின் கடவுச்சீட்டை எடுத்து, முதற் பக்கத்தைப் பார்த்து, அவருடைய பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணின் பார்வை மாறியிருந்தது. பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் பெற்ற பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள் என்று அந்தப் பார்வை சொன்னது. அது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஒழுங்கையில் பிறந்த நாள் முதல் தெரியும், காய்ச்சல் என்றால் கசாயம் கொண்டு வருவார் என்பதையெல்லாம் அவளிடம் எந்தப் பாஷையில் சொல்வது?

அவள் எங்கேயோ போன் எடுத்தாள். பிறகு சொன்னாள்: நாற்காலிப் பயணிகளை அவர்கள் ஏறப்போகும் முனையத்தில் ஒரு மண்டபத்தில் இருத்தி வைப்பார்கள். ரயிலில் போங்கள். இறங்கியதும் இடப்பக்கம்.

ரயில் பயணம் மூன்று நிமிடம் இருக்கும். கதவு மூடியதுமே, போயிருக்கக்கூடாது என்று நினைத்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பிள்ளையைத் தொலைத்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது கொஞ்சம் மடத்தனமாகக்கூட இருந்தது. கணவருக்கு என்ன சொல்வது என்று ஒரு வசனம் மனதில் உருவாகத் தொடங்கியது. அதை அடக்கினேன்.

மண்டபம் இருந்தது. உள்ளே வரிசை வரிசையாக எங்களவர்கள். தமிழர், சிங்களவர், மலையாளிகள், பஞ்சாபிகள். எல்லாரும் தாய் தகப்பன்மார். சட்டையில் ஒரு ஸ்ரிக்கர், மடியில் ஒரு பை, யார் வந்து எப்போது தள்ளுவார் என்று பார்த்தபடி. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தது. அதில் என் மகளின் பால் போத்தல் கிடந்தது.

பொறுப்பாக நின்ற பெண்ணைக் கேட்டேன். அந்த அம்மாவா? எழும்பிப் போய்விட்டார். பிள்ளையோடு. இருக்கச் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை.

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அதில் இருந்த முதியவர் தமிழில் பேசினார்.

"தங்கச்சி, உங்கடை ஆளோ அந்த மனிசி?"

"ஓம் ஐயா, எங்கை போனவ? பிள்ளை என்ரை பிள்ளை!"

"பிள்ளை முழிச்சு அம்மா அம்மா எண்டு கத்தத் தொடங்கிட்டுது. மனிசி ரெண்டு மூண்டு தரம் உதில பொறுப்பா நிக்கிற பெட்டையைக் கூப்பிட்டுப் பாத்தது. அவள் வரேல்லை. பிறகு எழும்பிச்சுது பாருங்கோ, பிள்ளையைத் தூக்கி இடுப்பில வச்சுக்கொண்டு விறுவிறெண்டு நடந்திட்டுது. நடக்க ஏலாதெண்டு வந்த மனிசி!" அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்களிலயும் முக்காவாசிப் பேருக்கு நடக்க ஏலும். சொல்லிப்போடாதையுங்கோ."

"எந்தப் பக்கம் ஐயா?"

"வந்த பக்கம். ரெயின் பக்கம். கால் மணித்தியாலம் இருக்கும். கனதூரம், பாத்து ஓடு பிள்ளை."

நான் வந்த பக்கம்தான். அப்படியென்றால் எங்கேயோ ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மகளுமாகத் தாண்டிப் போயிருக்கிறோம். அவர் ரயில் ஏறி மற்ற முனையத்துக்குப் போயிருந்தால்? அங்கே நான் இல்லாததைக் கண்டு திரும்பவும் ஏறினால்? இப்படியே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். ஓடினேன். ஒரு பையை எங்கேயோ போட்டுவிட்டு ஓடியது பிறகுதான் தெரிந்தது.

மகளின் அழுகையைத்தான் முதலில் கேட்டேன். அது அவளுடைய தனி அழுகை, மூன்றாவது மூச்சில் விக்கல் வரும். ரயிலுக்குப் போகும் வாசலில் ஒரு தடுப்பு. போர்டிங் காட் இல்லாமல் அந்தப் பக்கம் விட மாட்டார்கள். அங்கே இரண்டு சீருடைக்காரர். அவர்களுக்கு முன்னால் அன்ரி.

காதில் கை இல்லை. முகம் சரியவில்லை. நேராக நின்று, மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தடுப்பை மற்றக் கையால் பிடித்திருந்தார். நல்ல ஆங்கிலத்தில், என் ஆங்கிலத்தைவிடத் தெளிவான ஆங்கிலத்தில், பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை என்னுடையது அல்ல. இதன் தாய் அந்தப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் சின்னப் பெண், பயந்த பெண். அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தும்வரை நான் இந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன், பிள்ளையையும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். மகளின் முழுப் பெயர், பிறந்த திகதி. என் முழுப் பெயர், கடவுச்சீட்டில் இருக்கிறபடி. என் கணவரின் தொலைபேசி இலக்கம். என் தாள்களை எட்டிப் பார்த்தே பாடமாக்கியிருக்க வேண்டும்; ஒவ்வொன்றாக, ஓர் எழுத்துப் பிழையில்லாமல் சொன்னார்.

சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வண்டி தள்ளித் தள்ளி அவர் அந்தப் பாஷையைப் பிடித்திருக்கிறார். முப்பது வருடமாக அதை ஒருவருக்கும் காட்டவில்லை.

"அன்ரி!" என்று கத்தினேன்.

மகள் அவருடைய இடுப்பிலிருந்து என்மேல் பாய்ந்தாள். அவளுடைய கழுத்தில் முகத்தை வைத்தேன். பால், வேர்வை, அன்ரி பூசுகிற சித்தாலேபைத் தைல வாசம். அழவில்லை. அழுதிருக்கலாம். அதற்குப் பதிலாக நிமிர்ந்து அன்ரியைப் பார்த்துக் கத்தினேன்.

"எல்லாம் உங்கடை நடிப்பாலதான்! வாசிக்கத் தெரியாதெண்டு எல்லாத்தையும் என்னட்டத் தந்தியள். நடக்கத் தெரிஞ்ச ஆள் நடந்திருக்கலாம்தானே! என்ரை பிள்ளையையெல்லோ துலைக்கப் பாத்தியள்!"

சீருடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"ஓம் மோனை," என்றார் அன்ரி. என் தோளைத் தொட வந்த கையை நான் தட்டிவிட்டேன். அதைத் திரும்ப எடுத்துச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எங்கள் கேற் அந்த முனையத்தின் கடைசியில். நாற்காலி வேண்டுமா என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்டிருந்தாலும், நடக்கிறாரே என்று சிரித்திருப்பார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே பார்க்கவில்லை. விட்டுவிட்டு வந்த பை ஒரு தூணடியில் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

கேற்றில் போர்டிங் காட்டை நீட்டியபோது, மற்றவர் எங்கே என்று கேட்டார்கள். அப்போதுதான் திரும்பினேன். அவர் இல்லை.

நீண்ட நடை அது, கண்ணாடிச் சுவரோடு. தூரத்தில், மிகத் தூரத்தில், ஒரு சின்ன உருவம் சுவரில் கையை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தது. நாலு அடி. நிற்கும். பிறகு நாலு அடி. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அங்கே அவரைப் பார்க்க யாரும் இல்லை, இடம் விட வரிசையும் இல்லை. யாருக்காக நடிப்பது?

கேற்றில் இருந்தவரிடம் ஒரு நிமிடம் என்று கெஞ்சிவிட்டு, மகளை இடுப்பில் வைத்தபடியே திரும்பி ஓடினேன். கிட்டப் போனபோது இடது முழங்கால் சேலைக்கு மேலாகவே புடைத்துத் தெரிந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"கையைத் தாங்கோ அன்ரி. என்ரை தோளில போடுங்கோ."

போட்டார். நல்ல பாரம். "உண்மையாவே ஏலாதோ?" என்று கேட்டேன். கேட்டபோதே வெட்கமாக இருந்தது.

"இதைத்தானே மோனை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்." சிரிக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்.

"அப்ப தாங்கியில ஏறினது?"

"ஏறுவன். ஏறி இறங்கினா ரெண்டு நாள் பாயில. அதை ஆர் வந்து பாத்தது?"

கால் ஏலாது என்பது உண்மை. காது கேளாது, வாசிக்கத் தெரியாது, தலை சுற்றுகிறது என்பதெல்லாம் அந்த உண்மையைச் சுற்றி அவர் போட்ட வேலி. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னதால் எங்களுக்கு எதுவும் உண்மையாகத் தெரியவில்லை. பதின்மூன்று கிலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்காலில் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்று எனக்குத் தெரியும். நான் ஓடிக் கடந்த தூரம் அது.

கதவு மூடுவதற்கு முன் ஏறினோம். விமானப் பணிப்பெண்ணிடம் ஐஸ் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைத் துவாயில் சுற்றி முழங்காலில் வைத்து, கண்ணை மூடினார். நான் என் சால்வையின் ஒரு நுனியை மகளின் மணிக்கட்டிலும் மறு நுனியை என்னுடையதிலும் முடிந்தேன். அன்ரி ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டே பதினாலு மணித்தியாலம் போயிற்று. சொல் கிடைக்கவில்லை. பிறகு அங்கே இருந்த ஆறு மாதத்திலும் இரண்டு முறை சந்தித்தோம். அப்போதும் கேட்கவில்லை. நான் ஊர் திரும்பினேன், அவர் மகனோடு தங்கிவிட்டார்.

அன்று கனடாவில் இறங்கியபோது, விமான வாசலில் அவருடைய பெயரை எழுதிப் பிடித்தபடி நாற்காலியோடு ஒரு பெண் நின்றாள். அன்ரி மெல்ல இருந்தார். எனக்குத் தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. மகள் சிணுங்கினாள், அன்ரி பக்கமாக இரண்டு கைகளையும் நீட்டினாள். அவருடைய கைகளும் பழக்கத்தில் உயர்ந்தன.

எல்லாம் தெரிந்தும் நான் மகளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். என் மனம் கொடு என்றது. கைகள் கொடுக்கவில்லை.

அன்ரி தன் கைகளை மெதுவாக இறக்கி, பக்கத்தில் கிடந்த கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீயே வச்சிரு மோனை," என்றார்.

நடை நீண்டது. நான் பின்னால் நடந்தேன், மகள் என் தோளில். ஒரு திருப்பத்தில் லிப்ற் வந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் நாற்காலியை உள்ளே தள்ளப் பார்த்தாள், அது நகரவில்லை. குனிந்து பார்த்தாள். அன்ரி நாற்காலியின் மிதிபலகையிலிருந்து இரண்டு கால்களையும் எடுத்துத் தரையில் ஊன்றியிருந்தார். வீங்கிய காலையும்தான்.

"முதல்ல அவை ரெண்டு பேரும்," என்றார் தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.

நானும் மகளும் உள்ளே போய், சுவரோடு ஒட்டி நின்றோம். அதற்குப் பிறகுதான் அவர் கால்களைத் தூக்கினார்.